கத்தகானாவில் உங்கள் பெயர்: ஜப்பானுக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

ஜப்பானில் வந்து இறங்கிய சில நாட்களுக்குள், நகராட்சி அலுவலகத்திலோ வங்கியிலோ கைபேசிக் கடையிலோ, ஒரு படிவத்தின் முன்னால் நீங்கள் உட்கார வேண்டியிருக்கும். பெயர் எழுதும் கட்டத்தின் தலைமேல் ஒடுக்கமாக இன்னொரு கட்டம் இருக்கும். அதன் ஓரத்தில் ‘ஃபுரிகானா’ என்று அச்சாகியிருக்கும். பெயரை எப்படி வாசிக்க வேண்டும் என்பதை ஒலியெழுத்தில் எழுதிக் காட்டுவதற்கான இடம் அது. காஞ்சி எனப்படும் சீன வழி எழுத்தில் எழுதிய ஒரே பெயரைப் பல விதமாக வாசிக்க முடியும் என்பதால், ஜப்பானியர்களும் அதை நிரப்பியே தீர வேண்டும். அவர்களுடைய குடும்பப் பதிவேட்டில் பெயரின் வாசிப்பையும் சேர்க்க வேண்டும் என்ற சட்டத் திருத்தம் 2025 மே 26 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. நாம் அந்தக் கட்டத்தைக் கத்தகானாவில் நிரப்ப வேண்டும். அயல்நாட்டுப் பெயர்களையும் அயற்சொற்களையும் எழுதுவதற்குரிய எழுத்துவகை அது. அடிப்படை எழுத்துகள் 46 தாம். ஒரு வாரம் மாலை நேரத்தில் உட்கார்ந்தால் கைக்கு வந்துவிடும்.

உங்கள் பெயரை அந்த எழுத்துகளில் எப்படி எழுதுவது என்பதை எந்த அலுவலகமும் முன்கூட்டி முடிவு செய்து வைத்திருப்பதில்லை. நீங்கள் எழுதிக் கொடுப்பதுதான் உங்கள் பெயர். எழுதிக் கொடுக்கத் தெரியாமல் விழித்தால், எதிரில் இருப்பவர் பாஸ்போர்ட்டைப் பார்த்துத் தமக்குத் தோன்றியபடி உதவி செய்வார். என் பெயர் செந்தில். முதல் வங்கிக் கணக்கைத் தொடங்கியபோது அங்கிருந்த அம்மையார் மிகுந்த பரிவோடு படிவத்தைத் தாமே நிரப்பித் தந்தார். நான் ‘சென்ஷிரு’ ஆனேன். நாம் ‘த’ ஒலிக்காக ஆங்கிலத்தில் எழுதும் டி-ஹெச் (TH) என்ற இணையை ஜப்பானியர் ஆங்கில முறைப்படி ‘ஸ’ என்று வாசிக்கிறார்கள். அதனோடு இகரம் சேர்ந்தால் ‘ஷி’ ஆகிவிடும். அந்த அம்மையாரின் மீது பிழையில்லை. ஆங்கில எழுத்தை நம்பி என் பெயரை அவரிடம் ஒப்படைத்தது என் பிழை.

ஆகவே இந்தக் கட்டுரை முழுவதற்கும் ஒரே விதிதான்: கத்தகானாவுக்குப் போகும்போது பாஸ்போர்ட்டின் ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்க்காதீர்கள், வீட்டில் உங்களை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதைக் காதால் கேட்டு எழுதுங்கள்.

முதலில், எது உங்கள் பெயர்

ஸைர்யூ கார்டு எனப்படும் வசிப்பிட அட்டையில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே ரோமன் எழுத்தில் பெயர் இருக்கும். குடும்பப் பெயர் முன்னும் தன்பெயர் பின்னுமாக வரும். கத்தகானா அதில் இராது. வீடு அமைந்த 14 நாட்களுக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். பெரும்பாலும் அங்கேதான் முதன்முறையாக உங்கள் பெயரின் வாசிப்பைக் கேட்பார்கள். அங்கு போவதற்கு முன்பே கத்தகானா வடிவத்தை முடிவு செய்து, ஒரு துண்டுத்தாளில் தெளிவாக எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது.

தமிழர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. அந்தக் கட்டத்தில் அப்பாவின் பெயர் இருக்கும், அல்லது அது வெறுமையாக இருக்கும். ஜப்பானில் ஒருவரைக் குடும்பப் பெயரோடு ‘சன்’ சேர்த்து அழைப்பதே வழக்கம் என்பதால், அலுவலகத்தில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உங்களை அப்பாவின் பெயரால் அழைப்பார்கள். என் அப்பாவின் பெயர் முருகேசன். அந்தப் பெயரின் இறுதியில் ஏற்கெனவே ஒரு ‘சன்’ உட்கார்ந்திருப்பதால், நான் “முருகேசன்” என்று சொல்லும்போதெல்லாம், இவர் தமக்குத் தாமே மரியாதை விகுதி சேர்த்துக்கொள்கிறாரே என்று எதிரில் இருப்பவர் முகம் ஒரு கணம் தடுமாறும். பிறகு ‘முருகே’ என்பதுதான் பெயர் போலும் என்று அவரே முடிவு கட்டிக்கொள்வார். கணேசன், நடேசன், சீனிவாசன் எல்லோருக்கும் இதே கதிதான். இதற்கு எழுத்தில் தீர்வு இல்லை. வாயால்தான் விளக்க வேண்டும். எனவே எந்தப் பெயரால் அழைக்கப்பட விரும்புகிறீர்கள் என்பதை முதல் நாளிலேயே தீர்மானித்து, அலுவலகப் பெயர்ப் பட்டியலிலும் மின்னஞ்சல் கையொப்பத்திலும் அந்தப் பெயரைக் கத்தகானாவில் முன்னிறுத்துங்கள். அரசு ஆவணங்களிலும் வங்கியிலும் மட்டும் முழுப் பெயர், அட்டையில் உள்ள வரிசையில், மாறாமல் இருக்கட்டும்.

மாத்திரையை எண்ணுதல்

அடுத்து, பெயரை ஒலித்துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். தமிழ் இலக்கணம் கொஞ்சம் நினைவிருப்பவர்களுக்கு இது எளிது. ஜப்பானிய மொழி ‘ஹகு’ என்னும் தட்டுகளால் ஆனது; ஹைக்கூவில் 5, 7, 5 என்று எண்ணுவது இந்தத் தட்டுகளைத்தான். குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்கு இரண்டு தட்டு. நம் மாத்திரைக் கணக்கும் அதேதான். வேறுபாடு மெய்யெழுத்தில் வருகிறது. நமக்கு மெய் அரை மாத்திரை. அவர்களுக்கு அரை என்ற கணக்கே கிடையாது. ‘கண்ணன்’ நமக்கு மூன்று மாத்திரை. அவர்கள் வாயில் க, ன், ந, ன் என்று சம இடைவெளியில் நான்கு தட்டாக ஒலிக்கும். ‘ரமேஷ்’ நமக்கு மூன்றரை. அவர்களுக்கு ர, மெ, எ, ஷு என்று நான்கு. பெயரைச் சொல்லிக்கொண்டே மேசையில் விரலால் தட்டிப் பார்த்தால் இது உடனே பிடிபடும்.

நெடிலை எழுதத் தனி எழுத்து இல்லை; குறிலை எழுதி, அடுத்து ஒரு கிடைக்கோட்டை இழுத்தால் அது நெடில். மேலிருந்து கீழாக எழுதும்போது அந்தக் கோடும் நிமிர்ந்து நிற்கும். ஆங்கில எழுத்தில் நம் நெடில்கள் பெரும்பாலும் மறைந்துபோவதால், பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதுபவர் இந்தக் கோட்டைப் போடமாட்டார். ‘ராம்’ என்ற பெயர் கோடில்லாமல் ‘ரமு’ என்று எழுதப்பட்டால், ஜப்பானியர் நினைவுக்கு முதலில் வருவது ஆட்டிறைச்சியோ ரம் என்னும் மதுவோதான், ஏனெனில் அந்த இரண்டு அயற்சொற்களும் கத்தகானாவில் அப்படியே எழுதப்படுகின்றன. கோட்டைப் போட்டு ‘ராமு’ ஆக்கினால் தொல்லை இல்லை.

எழுத்துகளைத் தேர்ந்தெடுத்தல்

இந்த இடத்தில்தான் நேரம் செலவிட வேண்டும்.

தமிழில் க, ச, ட, த, ப ஆகியவற்றுக்கு ஓரெழுத்துதான். இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். ‘கல்’லில் ஒரு க, ‘தங்க’த்தில் வேறொரு க. ‘பல்’லில் ஒரு ப, ‘அம்பு’வில் இன்னொன்று. கத்தகானா இந்த இரண்டையும் பிரித்தே எழுதும்: அடிப்படை எழுத்து ‘கல்’லின் க, அதன் வலப்பக்க மேல்மூலையில் இரண்டு சிறு கீற்றுகளைப் போட்டால் ‘தங்க’த்தின் க. அந்தக் கீற்றுகளை மக்கள் ‘தென்தென்’ என்கிறார்கள். ஹகர வரிசைக்குக் கீற்றுக்குப் பதில் சின்ன வட்டம் போட்டால் ‘பல்’லின் ப, அதற்கு ‘மாரு’ என்று பெயர். தமிழ் எழுத்தைப் பார்த்து மயங்காமல், சொல்லும் ஒலியைக் கவனியுங்கள். ‘கண்ண’னுக்குக் கீற்று வேண்டாம், ‘கணேச’னுக்கு வேண்டும். ‘பழனி’க்கு வட்டம், ‘பாலா’வுக்குக் கீற்று. ‘முருகன்’ என்பதில் ககரத்துக்குக் கீற்று உண்டு. என் பெயரான ‘செந்தில்’ தமிழ் வாயில் மெல்லிய தகரத்தோடுதான் ஒலிக்கிறது என்பதால், ‘தி’க்குக் கீற்றுப் போட்டு எழுதுவதுதான் சரியென்று நான் மிகத் தாமதமாக உணர்ந்தேன்.

மறுபக்கம், நம்மிடம் வளமாக இருப்பது அங்கே ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. ர, ற, ல, ள, ழ ஐந்துக்கும் ரகர வரிசை ஒன்றுதான். வள்ளியும் வல்லியும் ஒருவரே. ழகரத்தைக் காப்பாற்ற வழி தேடி அலைய வேண்டாம். நம் மொழியின் பெயரையே அவர்கள் ‘தமிரு’ என்றுதான் எழுதுகிறார்கள். ஆனால் ஆங்கிலத்தில் இஸட்-ஹெச் என்று எழுதியிருப்பவர்கள் கட்டாயம் விழிப்பாக இருக்க வேண்டும்; ‘எழில்’ என்ற பெயரை அவர்கள் ‘எஜிரு’ என்று வாசிப்பார்கள். ‘எரிரு’ என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். ஞானசேகரன்களுக்கும் இதே அறிவுரை. ஜி-என் என்று தொடங்கும் எழுத்துக்கூட்டலைக் ‘குனானா’ என்றுதான் படிப்பார்கள். கத்தகானாவில் நியகரம் இருக்கிறது, நம் ஞகரத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்தும்.

பெயர் மெய்யெழுத்தில் முடிந்தால், னகரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஓர் உயிரைக் கூட்ட வேண்டும். பொதுவாக உகரம்: குமார் ‘குமாரு’, சுந்தரம் ‘சுந்தரமு’. ட, த ஒலிகளுக்கு ஒகரம்: வினோத் ‘வினோதொ’. ச்ச, ஜ ஒலிகளுக்கு இகரம். இந்த விதிப்படி ராஜ் என்பவர் ‘ராஜி’ ஆகிவிடுகிறார். ஜப்பானியருக்கு இதில் ஒன்றும் தோன்றாது, ஆனால் தமிழ்க் காதுக்கு அது அத்தை மகளின் பெயராக ஒலிக்கும். பிடிக்காதவர்கள் ‘ராஜு’ என்று எழுதலாம். அதுவும் ஏற்கப்பட்ட வடிவம்தான். கண்ணன், முருகன், பாண்டியன் போன்ற னகர ஈற்றுப் பெயர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை, ஏனெனில் கத்தகானாவில் தனியாக நிற்கும் ஒரே மெய் அதுதான். பகரத்துக்கு முன் வரும்போது அது தானாகவே ‘ம்’ என்று ஒலிக்கும் என்பதால், ‘சம்பத்’தின் மகரத்துக்கும் அதே எழுத்துப் போதும்.

இரட்டிக்கும் வல்லினத்துக்குச் சின்ன ‘த்சு’ எழுத்தை நடுவில் இட வேண்டும். அதை ‘ச்சீசாய் த்சு’ என்பார்கள். ண்ண, ன்ன, ம்ம வந்தால் தனி னகரமே வேலையை முடித்துவிடும். ல்ல, ள்ள இரட்டிப்பதை எழுத முடியும், ஆனால் சாதாரண ஜப்பானியர் அதைச் சொல்லத் திணறுவார்கள் என்பதால் ஒற்றையாகவே விட்டுவிடுங்கள் என்பேன்.

பழைய கத்தகானாவில் தி, து, வி போன்ற ஒலிகளே கிடையாது. ‘தி’ வர வேண்டிய இடத்தில் ‘ச்சி’யும், ‘து’ வர வேண்டிய இடத்தில் ‘த்சு’வும் எழுதி வந்தார்கள். காந்தியின் பெயருக்கு ‘கன்ஜீ’ என்ற பழைய வடிவமும் ‘கன்தீ’ என்ற புதிய வடிவமும் இன்றும் பக்கத்தில் பக்கத்தில் வழங்குவது இதனால்தான். பெரிய எழுத்தின் காலடியில் சின்ன உயிரெழுத்தை வைத்து இந்த ஒலிகளை உண்டாக்கும் முறைக்கு, 1991 ஜூன் 28 அன்று வெளியான அமைச்சரவை அறிவிப்பு ஒழுங்கு கொடுத்தது. அதில் இரண்டு அட்டவணைகள் உண்டு. தி, ஃபா, ஷெ, ஜெ, ச்செ முதலியவை முதல் அட்டவணையில் இருக்கின்றன. து, வா, வி, வெ, யெ முதலியவை மூல ஒலிக்கு நெருக்கமாக எழுத விரும்புவோருக்காக இரண்டாவதில் இருக்கின்றன. ‘ஸி’ என்ற ஒலி இரண்டிலும் இல்லை. ஆகவே சிவா ‘ஷிவா’ ஆவதை ஏற்றுக்கொள்ளுங்கள். அந்தக் கடவுளின் பெயரும் ஜப்பானில் அப்படித்தான் எழுதப்படுகிறது. கிருஷ்ணா, லக்ஷ்மி, அர்ஜுனா போன்ற பெயர்களுக்கு ஏற்கெனவே நூல்களில் நிலைத்துவிட்ட வடிவங்கள் இருக்கின்றன. அவற்றை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் சுலபம், எதிரில் இருப்பவர் முன்பே கேட்ட சொல்லாக இருக்கும்.

1995-இல் வந்த ‘முத்து’ படம் 1998-இல் ஜப்பானில் திரையிடப்பட்டபோது, ‘முத்து, ஆடும் மகாராஜா’ என்ற பொருளில் தலைப்பு வைத்தார்கள். அதில் முத்துவின் பெயர் மூன்றே வடிவங்களால் எழுதப்பட்டது: ‘மு’, ‘தொ’, அதன் காலடியில் சின்ன ‘உ’. இரட்டிப்பைக் கைவிட்டார்கள், துகரத்தைக் காப்பாற்றினார்கள். வாசிப்பவரின் நாக்குக்கும் மூலப் பெயருக்கும் இடையே எங்கே விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

வகரத்தைப் பற்றி மட்டும் கருத்து வேறுபாடு உண்டு. உகர எழுத்துக்குத் தென்தென் போட்டு அதனோடு சின்ன உயிரைச் சேர்த்து வகர வரிசையை எழுதலாம், ஆனால் பெரும்பாலான ஜப்பானியர் அதைப் பார்த்தும் ‘அம்பு’வின் பகரமாகவே சொல்வார்கள். எப்படியும் பகரமாகத்தானே ஒலிக்கப் போகிறது, பகரமாகவே எழுதிவிட்டுப் போகலாமே என்று சிலர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் வகரத்தின் பக்கம். காரணம் அடுத்த பகுதியில் வருகிறது.

பொருளைச் சோதித்தல்

எழுதிய பெயரை ஒரு ஜப்பானிய நண்பரிடம் காட்டி, இந்த ஒலிக்கு ஏதாவது பொருள் உண்டா என்று கேளுங்கள். ‘கவிதா’ என்ற பெயரைப் பகரத்தோடும் ஈற்றுக் குறிலோடும் எழுதினால், ‘பூசணம் பிடித்தது’ என்று பொருள்படும் வினைச்சொல்லாகவே ஆகிவிடும். வகரம் இட்டு, கடைசி எழுத்துக்கு நெடில்கோடு இழுத்தால் பார்த்த மாத்திரத்தில் அது ஒரு பெயர் என்று தெரியும். நிலா குறிலாக எழுதப்பட்டால் ‘நிரா’. கடையில் கட்டுக்கட்டாக விற்கும், பூண்டு மணம் வீசும் கீரை. உமா குதிரை ஆவாள். இவை அவமதிப்பான சொற்கள் அல்ல, யாரும் கேலி செய்யப் போவதுமில்லை. நிலா என்ற பெயருடைய தோழி ஒருவர், என் பெயர் கீரை என்று சொல்லியே எல்லோரையும் தம் பெயரை மறக்காமல் இருக்கச் செய்துவிட்டார். தெரிந்துகொண்டு எழுதுவதற்கும் தெரியாமல் எழுதுவதற்கும் வேறுபாடு உண்டு என்பதற்காகவே சொல்கிறேன்.

காஞ்சியில் எழுதித் தருகிறேன் என்று யாராவது அழகான எழுத்துகளைப் பொறுக்கிக் கொடுத்தால் மகிழ்ச்சியோடு வாங்கிச் சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள். படிவங்களில் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

கையால் எழுதும்போது

நான்கு எழுத்துகளில் புதியவர்கள் அனைவரும் தவறுவார்கள். ‘ஷி’யில் இரண்டு சிறு கோடுகளும் இடப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாகப் படுத்திருக்கும், நீண்ட கோட்டைக் கீழிருந்து வலப்பக்க மேல்மூலைக்கு இழுக்க வேண்டும். ‘த்சு’வில் அந்தச் சிறு கோடுகள் மேலே அருகருகே நிமிர்ந்து நிற்கும்; நீண்ட கோடு மேலிருந்து கீழே இறங்கும். ஒற்றைச் சிறுகோட்டோடு வரும் தனி னகரமும் ‘சொ’வும் இதே உறவில் உள்ளவை: னகரம் கீழிருந்து மேல், ‘சொ’ மேலிருந்து கீழ். நம் ஆண் பெயர்களில் பாதி னகரத்தில் முடிவதால் இந்த ஒரு கோட்டின் திசையில் அலட்சியம் கூடாது. கவனிக்காவிட்டால் கண்ணன் ‘கசொனசொ’ ஆகிவிடுவார். சின்ன எழுத்துகளைக் கட்டத்தின் இடப்பக்கக் கீழ்மூலையில், பெரிய எழுத்தின் பாதி அளவில், சந்தேகமில்லாமல் சின்னதாக எழுதுங்கள்.

தன்பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் இடையில் நடுவில் நிற்கும் புள்ளி ஒன்றை வைப்பது அச்சில் வழக்கம். படிவங்களில் இடைவெளி விட்டால் போதும்.

கணினியிலும் கைபேசியிலும் ரோமன் விசைகளால் தட்டும்போது ஒரு வேடிக்கை உண்டு. டி, ஹெச், ஐ (THI) என்று தட்டினால் ‘தி’ வரும். நம் ஊர் எழுத்துக்கூட்டலை மனிதர்கள் ஏற்காவிட்டாலும் விசைப்பலகை ஏற்றுக்கொள்கிறது. தென்தென் போட்ட ‘தி’ வேண்டுமென்றால் முதல் எழுத்தை மட்டும் டெல்லியின் முதலெழுத்தாக (D) மாற்றுங்கள். எந்த உயிருக்கும் முன்னால் எக்ஸ் தட்டினால் சின்ன எழுத்து. சிறுகோட்டு விசையைத் தட்டினால் நெடில்கோடு. இணையப் படிவங்களில் ‘ஸென்ககு’ என்று கேட்டால் முழு அகல எழுத்து, ‘ஹன்ககு’ என்றால் அரை அகல எழுத்து. மாற்றிக் கொடுத்தால் படிவம் நகராது.

வங்கி என்னும் சோதனை

மேலே சொன்ன ‘சென்ஷிரு’ கதை அங்கேயே முடியவில்லை. வேலையில் சேர்ந்தபோது, ஊதியப் பிரிவுக்கான படிவத்தை நானே பெருமையோடு நிரப்பினேன். அதற்குள் கத்தகானா கற்றிருந்தேன், ‘சென்திரு’ என்று எழுதினேன். முதல் மாத ஊதியம் வரவில்லை. விசாரித்தபோது, கணக்கிலுள்ள பெயரும் அனுப்பியவர் குறித்த பெயரும் ஒத்துப்போகாததால் பணம் திரும்பிவிட்டது என்றார்கள். ஜப்பானிய வங்கிகளுக்கு இடையிலான பணமாற்றம் 1973-இல் தொடங்கிய ‘ஸென்கின்’ என்ற பொது வலையமைப்பின் வழியாக நடக்கிறது. அதில் கணக்குதாரரின் பெயர் அரை அகலக் கத்தகானாவில்தான் பயணிக்கும். ஓரெழுத்து மாறினாலும் அது வேறொருவர்.

அந்த அமைப்பின் பழைய வழக்கங்கள் சிலவற்றை அறிந்திருப்பது நல்லது. தென்தென் தனி எழுத்தாகவே எண்ணப்படும். சின்ன எழுத்துகள் ஏற்கப்படுவதில்லை என்பதால் அவை பெரிய எழுத்தாகிவிடும். நெடில்கோடு சிறுகோடாக மாறும். பெறுநர் பெயருக்கு 30 எழுத்து இடம்தான். ‘விஜய்’ என்ற மூன்றே தட்டுள்ள பெயர், அங்கே உ, தென்தென், இ, ஷி, தென்தென், ய, இ என்று ஏழு குறிகளாக நீளும். முத்துவின் சின்ன ‘உ’ பெரிதாகும்போது அவர் ‘முதொஉ’ ஆகிறார். அது முதோ என்ற அசல் ஜப்பானியக் குடும்பப் பெயரின் ஃபுரிகானா. கணக்குப் புத்தகத்தில் உங்கள் பெயர் இப்படி விசித்திரமாகத் தெரிந்தால் திடுக்கிட வேண்டாம். அது எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே, இடைவெளி உட்பட, ஊதியப் பிரிவுக்கும் வீட்டு வாடகை முகவருக்கும் மின்கட்டணப் படிவத்துக்கும் கொடுங்கள். சரியான வடிவம் எது என்ற விவாதமெல்லாம் கணக்குத் தொடங்கும் நாளுக்கு முன்பு. தொடங்கியபின், கணக்கில் உள்ளதே சரி. மாற்றியே ஆக வேண்டுமென்றால் முதலில் வங்கியில் மாற்றிவிட்டு, அதன்பிறகு மற்ற இடங்களுக்குப் போங்கள். நான் தலைகீழாகப் போனதால் இரண்டாவது மாதமும் கைமாற்று வாங்க வேண்டியதாயிற்று.

முத்திரை செய்துகொள்வோருக்கு ஒரு குறிப்பு. கத்தகானாவில் செதுக்கிய ஹன்கோவை நகராட்சியில் பதிவு செய்ய வேண்டுமானால், அந்தக் கத்தகானா வடிவம் உங்கள் வசிப்புப் பதிவேட்டின் குறிப்புப் பகுதியில் இருக்க வேண்டும். பதிவின் அளவு பொதுவாக 8 மில்லிமீட்டர் சதுரத்துக்கு மேலும் 25 மில்லிமீட்டர் சதுரத்துக்குள்ளும் அடங்க வேண்டும். பதிவேட்டைப் பார்த்துவிட்டுச் செதுக்கக் கொடுங்கள். செதுக்கிவிட்டுப் பதிவேட்டைப் பார்க்காதீர்கள்.

பெயரைச் சொல்லுதல்

ஜப்பானிய மொழியில் பேசும்போது உங்கள் பெயரையும் ஜப்பானிய முறையில் சொல்லுங்கள் என்பதே என் கருத்து. நாம் தமிழில் சொல்வதுபோல விரைவாகச் சொன்னால், மெய்யெழுத்துகள் அவர்கள் காதில் விழுவதில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரே அளவு நேரம் கொடுங்கள். செந்தில் என்பது செ, ன், தி, ரு என்று நான்கு தட்டு. ‘ன்’ மீது முழுத் தட்டு நிற்க வேண்டும். அழுத்தம் என்பது அங்கே குரலின் ஏற்ற இறக்கம்தான். அயற்பெயர்களில் பொதுவாகக் கடைசியிலிருந்து மூன்றாம் தட்டுவரை குரல் உயர்ந்து அதன்பின் இறங்கும். அந்த மூன்றாம் தட்டு னகரமாகவோ நெடில்கோடாகவோ இருந்தால், உயர்வு ஒரு தட்டு முன்னால் போய்விடும். ஆகவே செந்திலில் ‘செ’ உயரும். ரமேஷில் ‘மெ’ உயரும். ஷு, ஸு போன்றவற்றின் உகரம் சொல்லின் இறுதியில் ஏறக்குறைய கேட்கவே கேட்காது என்பதால், ரமேஷ் என்பவர் எழுத்தில் ‘ரமேஷு’வாக இருந்தாலும் காதில் ரமேஷாகவே விழுவார். லகர, ரகர ஈற்றுப் பெயர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. ‘செந்திரு’வின் உகரத்தைத் தெளிவாகச் சொல்லியே ஆக வேண்டும். நாக்கு ஒருமுறை மேலே தட்டி இறங்கும் அவர்களுடைய ரகரம், நம் ‘மரம்’ என்ற சொல்லில் உள்ள ரகரம்தான். அதைப் புதிதாகப் பழகத் தேவையில்லை.

அறிமுகத்தில் “செந்திரு தொ மோஷிமஸ்” என்றால் பணிவான வடிவம். உங்கள் பெயரோடு நீங்களே ‘சன்’ சேர்க்கக் கூடாது. அப்பாவின் பெயரால் அழைக்கத் தொடங்கியவரிடம் “செந்திரு தொ யொந்தெ குதசாய்” என்று சொல்லிவிட்டால், அடுத்த நிமிடமே மாற்றிக்கொள்வார்; யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

கடைசியாகத் தொலைபேசி. முகம் தெரியாத இடத்தில் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்ல, வானொலித் தொடர்புக்காக வகுக்கப்பட்ட சொல்லட்டவணை ஒன்று ஜப்பானில் இருக்கிறது. ‘ராஜியோவின் ரா’, ‘சகுராவின் ச’ என்பது போல ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சொல். என் பெயருக்கு அது இப்படி அமையும்: “செகாய் நொ செ, ஒஷிமாய் நொ ன், தெகமி நொ தெ நி தென்தென், ச்சீசாய் இ, ருசுய் நொ ரு.” உலகத்தின் செ, முடிவின் ன், கடிதத்தின் தெகரத்துக்கு இரண்டு கீற்று, சின்ன இ, வீட்டுக்காவலின் ரு. உங்கள் பெயருக்கு இதைப்போல் ஒரு வரி தயார் செய்து, துண்டுத்தாளில் கத்தகானாவுக்குக் கீழேயே எழுதி வையுங்கள். நெடில்கோடு வந்தால் அதை ‘நொபஷிபோ’ என்று சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் மறுமுனையில் இருப்பவர் பெயரைத் திருப்பிச் சொல்வார்; ‘செந்தெருசமா’ (‘சமா’ என்பது ‘சன்’னைவிடப் பணிவான விகுதி) என்று கேட்டால் சின்ன இ விடுபட்டிருக்கிறது என்று பொருள், “ச்சீசாய் இ” என்பதை மட்டும் இன்னொரு முறை சொல்லுங்கள்.